ஆளுக்கொரு முனை

ஆரணியில் ஒரு பட்டுக்கடை சேல்ஸ்மேன் அவர். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். விரித்த சேலையை மடித்து வைக்காமல் அடுத்ததைத் தொடமாட்டார்.

அமெரிக்கத் தேர்தல் சூடுபிடித்திருந்த நேரம். அக்கா மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போயிருந்தோம். அக்கா இருப்பது கனடாவில். மாப்பிள்ளையின் அம்மா அமெரிக்காவில். சேல்ஸ்மேன் விரித்துப் போட்ட அரக்குச் சேலையை இருவருமே பார்க்கவில்லை.

“எங்க தேர்தல்ல உங்களுக்கு என்னங்க டென்ஷன்?” என்றார் சம்பந்தியம்மா.

“நீங்க ஏடாகூடமா ஓட்டுப் போட்டா, அடி வாங்கறது பக்கத்து வீட்டுல இருக்கிற நாங்கதானே!” என்றாள் அக்கா.

குரல்கள் ஏறின. கல்யாணமே நின்றுவிடும்போல் இருந்தது.

“யம்மா, பட்டு கசங்குது. ஆளுக்கொரு முனை புடிங்க, ஜல்தியா மடிச்சிடலாம்” என்றார் சேல்ஸ்மேன்.

வாதாடிக்கொண்டே பிடித்தார்கள். சேலையை மடிக்க எதிரெதிரே நடந்து வந்துதானே ஆகவேண்டும்? வந்தார்கள். முனையும் முனையும் சேர்ந்தபோது மூக்கும் மூக்கும் இடிக்காத குறை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தியம்மாவுக்கும்தான்.

“கலர் நல்லாத்தான் இருக்குது, இல்ல?” என்றாள் அக்கா.

“இதையே எடுத்துடலாம் சம்பந்தி.”

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். சேல்ஸ்மேன் வேறொரு சேலையின் நடுவை மோவாயில் அழுத்திக்கொண்டு, தனியாளாக நொடியில் மடித்து வைத்தார்.

“இத மட்டும் தனியா மடிக்கிறீங்களே?” என்றேன்.

“இத பார்த்துகினு இருந்தவங்க சண்டை போடலீங்களே” என்றார்.

இப்போதும் எந்த நாட்டுத் தேர்தல் செய்தி வந்தாலும் எனக்கு அந்த மோவாய்தான் ஞாபகம் வருகிறது.