வலிக்கு ரெண்டு மார்க்

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் ஆயா வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருஷம் பாலியேட்டிவ் வார்டு. இனி குணமாகாது என்று தெரிந்தவர்களுக்கு வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கிற வார்டு அது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக என் தப்பு ஒன்றை எழுதுகிறேன்.

ராஜமாணிக்கம் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ்காரர். மைன் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். நுரையீரலில் புற்றுநோய், முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. நான் அதே சுரங்கப் பக்கம், மாரிகுப்பம். அதனால் அவருக்கு நான் நம்ம ஊர் பொண்ணு. எனக்கு அவர் பெரியப்பா.

எங்கள் வார்டில் தினமும் வலிக்கு மார்க் கேட்பார்கள். வலியே இல்லை என்றால் சைபர், தாங்கவே முடியாது என்றால் பத்து. அதைப் பார்த்துத்தான் மார்பின் என்கிற வலி மருந்தின் டோஸை எழுதுவார்கள். பெரியப்பா தினமும் ரெண்டு என்பார். மைன்காரர் எப்படித் தாங்குகிறார் பாருங்கள் என்று மற்ற பேஷண்டுகளிடம் சொல்வேன். அவர் காதில் விழும்படியே சொல்வேன்.

ஒரு நாள் காலையில் பெட்ஷீட் மாற்ற அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். துண்டை வாயில் திணித்துக் கடித்தார். கண்ணில் தண்ணீர். டாக்டரைக் கூப்பிடத் திரும்பினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

“யார்கிட்டயும் சொல்லாதம்மா. வலிக்குதுன்னு சொன்னா அன்பிட்னு எழுதிடுவானுங்க.”

மைனில் அப்படித்தான். டாக்டரிடம் வலி என்று வாயைத் திறந்தால் அன்பிட், வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் கீழே இறக்க மாட்டார்கள். சம்பளம் குறையும். எங்கள் அப்பாவும் இடுப்பு வலியோடு ஷிப்டுக்குப் போனவர்தான். அதனால் பெரியப்பா சொன்னது எனக்குத் தப்பாகவே படவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் ஏழெட்டு ஸ்டூடண்ட்ஸ். மார்க் ரெண்டுதானே, இதே டோஸ் போதும், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். வீட்டில் இருப்பது அவர் மனைவி கமலம்மா மட்டும்தான். இந்த டோஸோடு போனால் சாகிறவரை துண்டைக் கடித்துக்கொண்டுதான் கிடப்பார்.

ரவுண்ட்ஸில் ஆயா பேசுவது வழக்கமில்லை. பேசினேன்.

“ரெண்டு இல்ல சார். பொய் சொல்றாரு.”

பெரியப்பா என்னையே பார்த்தார். “நம்ம ஊர் பொண்ணுன்னு நம்பினேன். நீயே காட்டிக் குடுத்துட்டியா?”

டாக்டர் ஸ்டூடண்ட்ஸை அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இங்கே யாரையும் அன்பிட் என்று எழுதுவதில்லை என்று தன் கன்னடத்திலும், தெரிந்த தமிழிலும் சொன்னார். மறுபடி மார்க் கேட்டார். பெரியப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஒன்பது என்றார்.

டோஸைக் கூட்டினார்கள். நாலு நாள் வைத்திருந்து, வலி அடங்கினபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போதும் என்னோடு பேசவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மீந்த மார்பின் மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கக் கமலம்மா வந்தார். ஆள் இறந்தால் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பெரியப்பாவின் கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன்.

“எங்க தீந்துச்சு? டெய்லி சோறு துன்னுட்டு உன்னத்தான் திட்டிக்கினு இருந்தாரு. முன்ன வலியில திட்டக்கூட மூச்சு இல்லியே அவருக்கு.”

அன்பிட்டுக்குப் பயந்து மட்டும் அவர் மறைக்கவில்லை. நான் புகழ்ந்ததும் ஒரு காரணம். வலியைத் தாங்குகிறார் என்று எந்தப் பேஷண்டையும் புகழாதீர்கள். புகழ்ந்துவிட்டால் அப்புறம் அவர் உங்களிடம் உண்மையைச் சொல்ல முடியாது.