சித்திரையில் விதைத்த பீட்ரூட்

எழுபதுகளில் நான் ஒரகடம் பக்கம் விவசாய இலாகாவின் கிராம சேவகனாக இருந்தேன். கரும்பிலிருந்து எடுப்பது போலச் சர்க்கரை எடுக்கலாம் என்று ஒரு புது பீட்ரூட் விதையை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுப் பார்க்க வடக்குப்பட்டில் ஒரு விவசாயி தன் கிணற்றடி நிலத்தைக் கொடுத்தார். கறுத்து நெடுத்த மனிதர். எதைக் கேட்டாலும் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

விதையோடு வந்த குறிப்பு குளிர்நாட்டில் அச்சடித்தது. ஏப்ரலில் விதைக்கச் சொன்னது. அவர் மண்ணைத் தேய்த்தார்.

“சித்திர வெயில்ல எவனாவது வெதைப்பானா சார்? ஐப்பசி மழை வுட்டப்பறம் போடலாம்.”

“ஆபீசர் உத்தரவு” என்றேன். விதைத்தார். இரண்டு வேளையும் தண்ணீர் இறைத்தார். முளைத்ததெல்லாம் மூன்றே வாரத்தில் கருகியது.

‘விவசாயியின் பராமரிப்பு போதாது’ என்று ரிப்போர்ட் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டேன். அன்று மட்டும் அவர் குனியவில்லை.

“தண்ணி நான் வுட்டேன். வெயில எவன் வுட்டான்னு அத்தையும் எழுது சார்.”

கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். ‘ஒத்துழைக்கவும் இல்லை’ என்று அதற்கும் ஒரு வரி சேர்த்தேன். ரிப்போர்ட் தெளிவாக இருப்பதாக ஆபீசர் பாராட்டினார்.