எண் குறைந்தபோது நான் கைதட்டவில்லை

சாயங்காலம் ஏறும் காய்ச்சல் விடியும்போது இறங்கிவிடும். கூடவே முட்டியும் மணிக்கட்டும் வீங்கும். என் மகள் பவித்ராவுக்கு அப்போது ஒன்பது வயது. பொம்மனஹள்ளியில் நாங்கள் ஏறி இறங்காத கிளினிக் இல்லை. கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: சிறார் மூட்டழற்சி (உடலின் பாதுகாப்புச் செல்களே மூட்டைத் தாக்கும் நோய்). அவளுக்கு வந்தது உடல் முழுக்கப் பரவும் வகை.

நான் பொம்மசந்திராவில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். மணிக்கொரு முறை ஐந்து பீஸ் எடுத்து அளந்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். பழக்கதோஷம், மகளின் ரத்தப் பரிசோதனை எண்களையும் ஒரு நோட்டில் அப்படியே கோடாக இழுத்தேன். "ஆஸ்பத்திரிலயும் ஃபேக்டரிதானா?" என்று என் கணவர் செல்வம் கிண்டலடிப்பார்.

இரண்டாம் முறை அட்மிட் ஆனபோது காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆனால் எண்கள் இறங்கின. ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம், அழற்சி இருந்தால் கூடும்) பாதிக்கும் கீழே வந்தது. எப்போதும் எகிறிக்கிடந்த தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) நார்மலைத் தொட்டன. "மருந்து வேலை செய்யுதும்மா, காய்ச்சலும் அடங்கிடும்" என்றார் டியூட்டி டாக்டர். செல்வம் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

நான் மட்டும் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். எங்கள் லைனில் பீஸ் பொருந்தாமல், அளவு மட்டும் சரியாக வந்தால் யாரும் கைதட்ட மாட்டோம். முதலில் அளக்கும் கருவியைத்தான் சந்தேகப்படுவோம். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை, ஈறில் ரத்தம் கசிகிறது, எண் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?

"குறைஞ்சா நல்லதுதானே? நல்லது நடந்தாலும் உனக்கு நம்பிக்கை வராதா?" செல்வம் எரிந்து விழுந்தார்.

"நல்லது நடந்திருந்தா புள்ள எழுந்து உக்காந்திருக்கும்ல?"

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரம்மாவை வராந்தாவிலேயே மறித்து நோட்டை நீட்டினேன். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ஈ.எஸ்.ஆர்., தட்டணு இரண்டின் கோடுகளும் ஒன்றாகச் சரிவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யார்ம்மா இத போட்டது?"

"நான்தான் மேடம்."

உடனே ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம், அழற்சி கட்டுமீறினால் எகிறும்) பார்க்கச் சொன்னார். அது தாறுமாறாக ஏறியிருந்தது. அன்று மாலையே எலும்பு மஜ்ஜையிலிருந்தும் சாம்பிள் எடுத்தார்கள்.

மேக்ரோபேஜ் (பெருவிழுங்கிச் செல்) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். இருக்கும் இடத்துக்கேற்ப அதன் வேலை மாறுமாம். நுரையீரலில் தூசியை விழுங்கும், கல்லீரலில் ரத்தத்தோடு வரும் கிருமியை, மஜ்ஜையில் ஆயுள் முடிந்த அணுக்களை. தூண்டினால் வேகமெடுக்கும், வேலை முடிந்தால் அடங்கும். பவித்ராவுக்கு அடங்கவில்லை. கல்லீரல் வீங்கிவிட்டது. மஜ்ஜையில் அந்தச் செல்கள் தட்டணுக்கள் உட்பட நல்ல அணுக்களையே விழுங்கிக்கொண்டிருந்தன. சிவப்பணுக்களை ஒட்டிப் படியவைப்பதும் ரத்தத்தை உறையவைக்கும் புரதம்தானாம், அது தீர்ந்துபோனதால்தான் ஈ.எஸ்.ஆர். இறங்கியதாம்.

"பேலியே எத்து ஹொல மேய்தங்கெ" என்றார் டாக்டரம்மா. வேலியே பயிரை மேய்ந்த கதை. அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ரொம்ப கஷ்டம்மா. கரெக்டா பிடிச்சீங்க."

ஸ்டீராய்டு ஊசிகள், பிறகு மாதக்கணக்கில் மாத்திரைகள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. செல்வம் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வார்டில் பார்த்தவர்களிடமெல்லாம், "கண்டுபிடிச்சதே என் வொய்ஃப்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதே நோயோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். மருத்துவம் பார்ப்பது டாக்டர்தான். ஆனால் நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பது நீங்கள். பார்த்ததைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டிப்ளமோ படித்த நான் சொன்னேன், அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

மாத்திரைகளை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பவித்ரா சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். சுற்றிலும் சிவந்து வீங்கியது. தோலுக்கடியிலும் அதே விழுங்கும் செல்கள்தானே, இந்த முறை அடங்குமா? காலையும் மாலையும் குனிந்து குனிந்து பார்த்தேன். மூன்றாம் நாள் சிவப்பு வடிந்தது. ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்தது.

"கழுவினதோட சரி, மருந்தே போடலம்மா. தானாவே ஆறிடுச்சு" என்று முட்டியைத் தூக்கிக் காட்டினாள், பரிசு வாங்கி வந்தவள்போல.

"என் பொண்ணு கெட்டிக்காரி" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.