கேட்காமல் விட்ட பெயர்

என் அப்பாவிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். நான் சொல்லவில்லை, அம்மா சொல்வாள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர் அப்பா. அதற்கு முன்னால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பட்டாளத்து லாரி டிரைவராக எகிப்துப் பாலைவனம் வரை போனவர். சண்டை விமானங்களுக்கு பெட்ரோல் டின் ஏற்றிப் போவது வேலை. எங்கள் வீட்டில் சோறு இல்லாத நாள்கூட இருந்திருக்கிறது, அந்த விமானங்களின் பேச்சு இல்லாத நாள் இருந்ததில்லை.

வெள்ளைக்கார பைலட்டுகள் முதலில் மூன்று மூன்றாக ஒட்டிப் பறந்தார்களாம். பக்கத்து இறக்கையில் இடிக்காமல் போவதிலேயே கண் போய்விடும், வானத்தைப் பார்க்க ஆள் இருக்காது. நிறையப் பேரைப் பறிகொடுத்த பிறகுதான் இரண்டிரண்டாகப் போகக் கற்றுக்கொண்டார்கள். முன்னால் போகிறவன் அடிப்பான், பின்னால் போகிறவன் அவன் முதுகைக் காப்பான். எதிரி சூரியன் இருக்கும் பக்கமிருந்துதான் பாய்வான் என்பதால், கட்டைவிரலைத் தூக்கிச் சூரியனை மறைத்துக்கொண்டு சுற்றிலும் துழாவுவார்கள். ஓயாமல் கழுத்தைத் திருப்பித் தோல் உரிந்துவிடும். அதற்காகத்தான் கழுத்தில் பட்டுத்துணி, ஸ்டைலுக்கு இல்லை. அப்பாவும் கீழப்பழுவூர் ரோட்டில் எதிர்வெயிலில் லாரி ஓட்டும்போது கட்டைவிரலைத் தூக்கித்தான் பார்ப்பார். கிளீனருக்கு அவர் கொடுத்த ஒரே உத்தரவு, நீ பின்னால் பார் என்பது.

அந்த முகாமில் ஆங்கிலேயரோடு சில பிரெஞ்சுக்காரர்களும் பறந்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவுக்குச் சிநேகிதராகிவிட்டார். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் அரைகுறை, அதனால் ஒருவர் பேசியது மற்றவருக்கு நன்றாகவே புரிந்தது. விமானம் இறங்கியதும் அப்பா முதலில் இறக்கையைத்தான் பார்ப்பாராம். இறக்கையிலிருக்கும் துப்பாக்கிக் குழாய்க்குள் மணல் போகாமலிருக்க அதன் வாயில் துணி ஒட்டியிருக்கும். துணி அப்படியே இருந்தால் சண்டை நடக்கவில்லை, ஆள் சிரித்துக்கொண்டு இறங்குவார். சுட்டதில் கிழிந்திருந்தால் பேசமாட்டார். அன்றைக்கு அப்பாவும் வாயை மூடிக்கொண்டு டீயை மட்டும் நீட்டுவார். அப்பா வாயை மூடினார் என்பதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

ஒரு நாள் அவர் அப்பாவிடம், எல்லோரும் தன்னைக் கூப்பிடும் பெயர் தன்னுடையதே இல்லை என்று சொன்னார். அவருடைய ஊர் அப்போது ஜெர்மன்காரன் கையில். அவருடைய அம்மா அங்கே தனியாக இருந்தாள். மகன் ஆங்கிலேயரோடு சேர்ந்து பறக்கிறான் என்று தெரிந்தால் அவளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அங்கிருந்து வந்த பைலட்டுகள் பலர் பொய்ப்பெயரில்தான் பறந்தார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, உனக்கு மட்டும் என் நிஜப்பெயரைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்திருக்கிறார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

"என் வாயப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்கயாவது உளறிட்டா அந்தம்மா கதி என்னாவறது?" என்பார் எங்களிடம்.

அப்பா ஆயுள் முழுக்கக் காத்த ஒரே ரகசியம் அவருக்கே தெரியாத அந்தப் பெயர்தான். கொஞ்ச நாள் கழித்து, ஜோடியாகப் போன விமானங்களில் ஒன்று மட்டும் திரும்பியது, சிநேகிதருடையது வரவில்லை. திரும்பாதவரைப் பற்றிப் பேசுவது அங்கே வழக்கமில்லையாம். சாப்பாட்டு மேசையில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆடி அமாவாசைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, அப்பா அம்மாவோடு திருமழபாடிக்குப் போனேன். கொள்ளிடக்கரையில் அப்பா தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்தார். வேறு யாருக்காவது உண்டா என்று ஐயர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். ஒருத்தர் இருக்கார் என்றார் அப்பா. பெயர் கேட்டதற்குத் தெரியாது என்றார். கோத்திரம் கேட்டதற்கு பிரெஞ்சு என்றார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்லிச் சமாளிக்கலாம், பெயருக்கு என்ன செய்வது என்றார் ஐயர். தெரிந்த பெயரைச் சொல்லித் தொலையுங்களேன் என்று அம்மா பல்லைக் கடித்தாள். அது பொய்ப்பெயர், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பது வருஷமாக ஒருத்தரும் கூப்பிடாமல் அந்தப் பிள்ளை நிற்கிறான், அன்றைக்கு நான் காதைக் கொடுத்திருந்தால் இன்றைக்கு நானாவது கூப்பிட்டிருப்பேன் என்று புலம்பினார். கேலி செய்து பழகிய எனக்கு முதல்முறையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த பைலட் கழுத்தில் மாதா படம் போட்ட சின்ன டாலர் கிடந்ததாக அப்பா எப்போதோ சொன்னதை நானே நினைவுபடுத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ் ஏறினோம். பெற்ற தகப்பனுக்குத் தண்ணீர் இறைக்க ஆயிரம் சாக்கு சொல்கிறவர் எவனோ ஒருத்தனுக்குப் பூசை வைக்கப் புறப்பட்டுவிட்டார் என்று அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

கோயிலில் பூசைக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் பெயரைச் சொல்ல வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் அப்பா பாலைவனத்திலிருந்தே ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சாமியார் பொறுமையாக முழுவதையும் கேட்டார். பெயர் ஆண்டவருக்குத் தெரியும் என்றார்.

"அவருக்குத் தெரியும் சாமி. ஆனா வாயால ஒருத்தர் கூப்பிடணுமில்ல?"

அதுவரை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற அம்மா திடீரென்று அப்பா பக்கம் திரும்பினாள். மகன் இறந்தது அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அப்பாவுக்கு அது தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எங்களில் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மா சாமியாரிடம் போனாள்.

"அந்தம்மாவையும் சேத்துக்குங்க சாமி."

அவங்க பேரு என்று சாமியார் தயங்கினார்.

"பெத்தவள அவன் என்னான்னு கூப்பிட்டிருப்பான்? அம்மான்னுதான. அவ அவன மவனேன்னு கூப்பிட்டிருப்பா. அப்படியே சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் புரிஞ்சிரும்."

பூசையில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கடைசியில், ஓர் அம்மாவுக்காகவும் அவருடைய மகனுக்காகவும் என்று சாமியார் நிறுத்திச் சொன்னார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திருமானூர் தாண்டியும் பேசவில்லை. அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.