மோதக் கன்னம்

மங்கையர்க்கரசிக்கு எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் மனசு ஒப்பும். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலையில் இருந்தாள். ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய மாதிரித் துணியையும் பட்டறையில் சாயமேறி வந்த துணியையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சரி என்று சொன்ன பிறகும் அவள் ஒரு நிமிஷம் நிற்பாள். "சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க" என்பாள். முகுந்தைக் கட்டிக்கொண்டு புனேக்கு வந்ததும் அந்த வேலை விட்டுப்போயிற்று.

முகுந்த் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். புனேக்கு வெளியே சாகணில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எஞ்சினியர். அப்பா அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். அவனுக்கு நெருங்கிய சொந்தம் என்றால் கோந்த்வாவில் இருக்கும் தங்கை ரீனாதான். முகுந்தும் மங்கையும் சாகணில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தார்கள். பால்கனியில் நின்றால் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது தெரியும்.

அவர்கள் மகன் ஷ்ரேயஸுக்கு மூன்றாம் மாதத்தில் கன்னம் சொரசொரத்தது. பிறகு சிவந்தது. பிறகு நீர் கசிந்தது. முழங்கை மடிப்பு, முட்டியின் பின்பக்கம், காதோரம் என்று பரவியது. குளிர்காலத்தில் காற்றில் ஈரமே இல்லை. டேங்கர் தண்ணீரில் குளிப்பாட்டினால் குழந்தையின் தோல் காய்ந்து இழுத்துக்கொண்டது. தூக்கத்தில் தலையைத் துணியில் தேய்த்துக்கொண்டே இருப்பான். காலையில் விரிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும்.

குழந்தை டாக்டர் ஜோக்ளேகர் அம்மா பார்த்த உடனே எக்ஸிமா என்றார். நிதானமாகப் பேசுகிறவர். இந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி எடுத்துவிட வேண்டும். சோப்பு, கடலை மாவு, கடுகு எண்ணெய் எதுவும் கூடாது. துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத கெட்டி கிரீமைத் தாராளமாகப் பூச வேண்டும். பருத்தித் துணிதான் போட வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். சிவந்து கொதிக்கிற இடத்தில் மட்டும் தடவ ஒரு சின்ன டியூப் எழுதிக் கொடுத்தார்.

"இது ஒரேயடியா போயிடாது. வரும், அடங்கும், மறுபடியும் வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறைஞ்சிடும். அது வரைக்கும் பொறுமைதான் வேணும்."

வீட்டுக்கு வந்ததும் முகுந்த் டியூபின் மேல் எழுதியிருந்த பெயரை மொபைலில் தேடினான். அவன் முகம் மாறியது.

"ஸ்டீராய்டு. இத்தனூண்டு குழந்தைக்கு ஸ்டீராய்டு எழுதியிருக்காங்க."

"கொஞ்ச நாளைக்குத்தானேங்க சொன்னாங்க?"

"வேண்டாம், மங்கை. இதை ஆரம்பிச்சா விட முடியாது. தோல் மெலிஞ்சு போயிடும்னு போட்டிருக்கான்."

டியூபைப் பிரிக்காமலே குப்பையில் போட்டான். மங்கை மற்றதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். பாதி அடங்கியது. மீதி அடங்கவில்லை.

அப்போதுதான் ரீனா வந்தாள். புனேத் தமிழ் பேசுகிறவள், பாதிப் பேச்சு இந்தியில் போய்விடும். அண்ணன் குழந்தை என்றால் உயிர். கைப்பையிலிருந்து மூடி போட்ட வெள்ளை டப்பி ஒன்றை எடுத்தாள். அதன் மேல் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.

"அண்ணி, இதை லகாவுங்க, தடவிப் பாருங்க. எங்க பக்கத்துல ஒரு வைத்தியர் கொடுக்கறார். பூரா மூலிகை. ஸ்டீராய்டு பில்குல் கிடையாதுன்னு அவரே சொன்னார். என் கைக்கே இதுலதான் சரியாச்சு."

மங்கை திறந்து மோந்து பார்த்தாள். கற்பூர வாசனைக்கு அடியில் வேறு எந்த வாசனையும் இல்லை. மூலிகை என்றால் கொஞ்சமாவது பச்சையோ பழுப்போ தட்ட வேண்டாமா என்று நினைத்தாள். டப்பிக்குள் இருந்தது தூய வெள்ளை.

"இதுல என்ன போட்டிருக்கார்னு கேட்டியா ரீனா?"

"அதெல்லாம் யாரு சொல்லுவா அண்ணி. அவங்க குடும்ப ரகசியம்."

அன்று சாயங்காலமே தடவினார்கள். மறுநாள் சிவப்பு வெளிறியது. அந்த வாரம் முடிவதற்குள் கன்னம் பட்டுப்போல ஆகிவிட்டது. குழந்தை அழாமல் தூங்கினான். முகுந்த் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். மங்கைக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் குழந்தை தூங்கும்போது குனிந்து அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு புண்பட்டிருந்த தோல் இவ்வளவு சீக்கிரம் தழும்பு கூட இல்லாமல் எப்படி ஆறும் என்று தோன்றும். நல்லது நடக்கும்போது ஏன் நோண்டுகிறோம் என்று தன்னையே அடக்கிக்கொள்வாள்.

ஷ்ரேயஸுக்குப் பசி அதிகமாயிற்று. பால் குடித்து முடித்த உடனே மறுபடியும் கேட்டு அழுதான். உடம்பு போட்டது. கன்னம் உப்பித் தொங்கியது. ரீனா அவனுக்கு மோதக், அதாவது கொழுக்கட்டை, என்று பெயர் வைத்தாள். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி, "கித்னா கோல்மட்டோல்" என்று, எவ்வளவு கொழுகொழு என்கிற மாதிரி, கொஞ்சினார்கள். டப்பி தீரத் தீர ரீனா அடுத்ததைக் கொண்டுவந்தாள்.

ஒருமுறை அவள் வரத் தாமதமாயிற்று. கிரீம் தீர்ந்த மறுநாளே குழந்தையின் உடம்பு தீப்பிடித்ததுபோல் சிவந்தது. முன்பு இல்லாத வயிற்றிலும் முதுகிலும் கூட வந்தது. புது டப்பி வந்ததும் அடங்கியது. "பார்த்தியா, எவ்வளவு வேலை செய்யுது" என்றான் முகுந்த். அதன் பிறகு உடம்பு முழுக்கத் தடவ வேண்டியிருந்தது.

மங்கை வீட்டில் சின்னத் தையல் மெஷின் வைத்திருந்தாள். குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியில் அவளே சட்டை தைப்பாள். பழைய அளவில் இருந்த ஒன்றைப் போட்டபோது வயிற்றில் பொத்தான் எட்டவே இல்லை. ஆனால் கை நீளம் அப்படியே சரியாக இருந்தது. அவள் இன்னொரு பழைய சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். குழந்தை அகலத்தில் வளர்ந்திருக்கிறான், நீளத்தில் வளரவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு பால்கனி வெளிச்சத்துக்கு வந்து பாயில் கிடத்தினாள். அன்றைக்குத்தான் பிள்ளையை விட்டு விலகி நின்று அவனைப் பார்த்தாள். கன்னத்துச் சிவப்பு ரத்தம் ஓடுகிற பிள்ளையின் சிவப்பு இல்லை. அதில் நீலம் கலந்திருந்தது. வயிற்றுத் தோலுக்கு அடியில் நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடி இறங்கியிருந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு சதைத் திரட்சி. மற்றப் பிள்ளைகள் குப்புற விழுகிற வயதில் இவன் மல்லாந்தே கிடந்தான்.

முகுந்திடம் சொன்னாள்.

"குண்டா இருந்தாலும் குத்தமா?" என்றான் அவன். "அப்ப சொறியறான்னு அழுத. இப்ப நல்லா இருக்கான்னு அழற."

"நல்லா இல்லீங்க. பார்க்கத்தான் நல்லா இருக்கு."

அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான். மங்கை டப்பியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். இனி இதைப் பிள்ளை மேல் தடவுவதில்லை என்று அவளாகவே முடிவு செய்தாள். அது சரியான முடிவு என்றுதான் நினைத்தாள். யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் தோல் கொதித்தது. அதற்கு அவள் தயாராக இருந்தாள். ஈரத்துணியால் ஒற்றி, கெட்டி கிரீமைப் பூசி, மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு குழந்தைக்கு லேசான சளி பிடித்தது. பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினான். எப்போதும் பசி பசி என்று கத்துகிறவன் அவன். குடித்த கொஞ்சத்தையும் வாந்தி எடுத்தான். மத்தியானம் ஆனபோது அழுவதையும் நிறுத்திவிட்டான். கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழுந்தது. நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. கூப்பிட்டால் கண் பாதி திறந்து மூடிக்கொண்டது.

முகுந்த் ஷிஃப்டில் இருக்கும்போது அவன் போன் தொழிற்சாலை லாக்கரில் இருக்கும். டப்பியையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். சாகண் சௌக் நாற்சந்தியில் லாரிகள் எந்தப் பக்கமும் நகராமல் அடைத்து நின்றன. ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மங்கை குழந்தையின் மூக்கருகில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மூச்சு விரலில் பட்டது. அடுத்தது படுகிற வரை அவள் மூச்சு விடவில்லை. ஆட்டோக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். உடனே வண்டியை ரோட்டை விட்டு இறக்கி, கடைகளுக்குப் பின்னால் போகிற மண் பாதையில் ஓட்டினார்.

ஜோக்ளேகர் அம்மா இருந்த மருத்துவமனையில் குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தடவினீங்க?"

மங்கை டப்பியை நீட்டினாள்.

"எப்போ நிறுத்தினீங்க?"

"இந்த வாரம்தான். நானேதான் நிறுத்தினேன். கெடுதல்னு தோணிச்சு."

டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை இறங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. ஊசி போட்டார்கள், சொட்டு சொட்டாகக் குளுக்கோஸ் இறங்கியது. வெகுநேரம் கழித்துத்தான் டாக்டர் வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குள் முகுந்தும் வந்திருந்தான்.

"இதுக்குள்ள ரொம்பக் கடுமையான ஸ்டீராய்டு இருக்கணும். பரிசோதனைக்கு அனுப்பறேன். தோல் வழியா உடம்புக்குள்ள போய்ப் போய், குழந்தையோட உடம்பு தானா சுரக்க வேண்டியதைச் சுரக்கறதை நிறுத்திடுச்சு. அந்த நிலைமையில திடீர்னு கிரீமையும் நிறுத்தினா, கூடவே சளியும் வந்தா, உடம்புக்குத் தாங்க ஒண்ணுமே இல்லை."

"நான் எழுதின டியூப் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

முகுந்த் தரையைப் பார்த்தான். "பயந்து குப்பையில போட்டுட்டேன் டாக்டர்."

"அது இதைவிடப் பல மடங்கு லேசானது" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று முகுந்த் பிற்பாடு மங்கையிடம் சொன்னான்.

குழந்தை கண் விழித்துப் பார்த்தது மறுநாள். வீட்டுக்கு வந்த பிறகும் உடம்பு சுரக்காததற்கு ஈடாக மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, அதைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். சின்னக் காய்ச்சல் வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மங்கை தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், சூடா, என் கைதான் சூடா என்று. கன்னம் மெல்ல வற்றியது. எக்ஸிமா திரும்பி வந்தது. இம்முறை கெட்டி கிரீமும், சிவக்கிற இடத்துக்கு மட்டும் டாக்டர் முன்பு எழுதிய அதே சின்ன டியூபும். முகுந்தே தடவுவான், டாக்டர் காட்டிய அளவில்.

பரிசோதனை முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. ரீனாவிடம் மங்கைதான் சொன்னாள். ரீனா, "அண்ணி, நான் இதை வேற ரெண்டு பேரோட குழந்தைங்களுக்கும் வாங்கிக் கொடுத்தேன்" என்றாள்.

இருவரும் கோந்த்வாவுக்குப் போனார்கள். வைத்தியரின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் இருந்தன. எங்கே போனார் என்று பக்கத்துக் கடையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு பேரில், ரீனாவின் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்த ஒருத்தி கேட்ட உடனே பயந்துபோய், நிறுத்துவதா வேண்டாமா என்று தவித்தாள். "நீங்களா நிறுத்தாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க" என்று மங்கை மூன்று தடவை சொன்னாள். அவள் அன்றே போனாள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் முற்றவில்லை.

இன்னொருத்தி கணவனின் வேலை மாற்றத்தில் நாக்பூருக்குப் போய்விட்டாள். போகும்போது நிறைய டப்பிகள் வாங்கிக்கொண்டு போனதாக வாட்ச்மேன் சொன்னார். ரீனா இத்தனை மாதமாகக் கூப்பிடுகிறாள். போன் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. அந்தப் பெண் தன் மொபைல் எண்ணுக்கு முகப்புப் படமாக வைத்திருக்கும் மகளின் படம் மட்டும் அவ்வப்போது மாறுகிறது. புதுப் படம் வரும்போதெல்லாம் ரீனா அதை அண்ணிக்கு அனுப்புகிறாள். மங்கை அதைப் பெரிதாக்கி, அந்தப் பெண் குழந்தையின் கன்னத்தைப் பார்க்கிறாள். ஒவ்வொரு படத்திலும் அது இன்னும் கொஞ்சம் உருண்டையாகத்தான் இருக்கிறது.