திருச்சி டு சிங்கப்பூர்: நான்கு மணி நேரமும் கடைசிப் பத்தடியும்

மகள் யாழினி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது என் கணவர் சிங்கப்பூர் வேலைக்குப் போனார். இப்போது அவளுக்கு மூன்றரை வயது. போன வருடம் அவருக்குக் கிடைக்கவேண்டிய லீவும் தள்ளிப்போனதால், இந்த ஜூனில் நாங்களே கிளம்பிவிட்டோம். விமானத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. இவள் அவரிடம் போவாளா என்பதுதான் பயம். வீட்டுக்குப் புது ஆள் யார் வந்தாலும் என் புடவைக்குள் ஒளிகிறவள்.

செந்துறையிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். கார் வாடகை 2,800 ரூபாய். சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பெட்டி ஏற்றிய பிறகு மாமியார் வழிமறித்தார்.

"சனிக்கெழம கெழக்க சூலம். தயிர் சாப்புடாம யாரும் வண்டி ஏறக்கூடாது."

"திருச்சி மேற்கால இருக்குங்கம்மா," என்றார் டிரைவர்.

"நீ மேற்க போற. ஏரோப்ளேன் எங்க போவுது?"

டிரைவர் உட்பட ஆளுக்கொரு கரண்டி தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அரியலூர் தாண்டும்வரை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

"பாப்பா, அப்பா எங்க இருக்காரு?"

"அம்மா போன்ல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விமானம் பன்னிரண்டு நாற்பதுக்கு. நேர்கோட்டில் சுமார் 2,980 கிலோமீட்டர், வானில் நான்கு மணி பத்து நிமிடம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இறங்கும்போது அங்கே ஏழு இருபது, செந்துறையில் ஐந்துகூட ஆகியிருக்காது.

போகிறவர்களுக்கான யோசனைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுத மனம் வராது. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குத் தனி டிக்கெட் எடுக்கவேண்டும், ஜன்னல் சீட்டாகக் கேளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், ஏதாவது குடிக்கக் கொடுங்கள். இணையத்தில் போடும் பயண நேரத்தில் இமிகிரேஷன் வரிசை சேராது. எங்களுக்கு அதற்கே முக்கால் மணி ஆனது. இறங்கியதும் போனை அங்குள்ள வைஃபையில் இணைத்துவிடுங்கள்.

வெளியே அவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார். நான் பயந்தபடியே யாழினி என் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவர் முகம் வாடியதைப் பார்க்கத் தாங்கவில்லை. "போடி, அப்பாதான்டி" என்று அவளைத் தள்ளினேன்.

"புடிச்சித் தள்ளாத மலரு, பயந்துக்கும்," என்றவர், பத்தடி பின்னால் போய் நின்று எனக்கு வீடியோ கால் போட்டார்.

பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா! நாங்க ஏரோப்ளேன்ல வந்தோம்!"

"அப்புடியா? இப்ப எங்கம்மா இருக்க?"

பேசிக்கொண்டே மெல்ல நடந்து வந்தார். அவள் திரையைப் பார்த்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அப்பா, ஒனக்குக் காலெல்லாம் இருக்கு!"

மூன்று வருடமாக அவள் பார்த்ததெல்லாம் முகமும் தோளும்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வழியிலேயே தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். பெட்டி தள்ளி வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

"ரெண்டு இருக்குடா தங்கம். தொட்டுப் பாரு."

அவள் போய் ஒரு முட்டியைத் தொட்டாள். அடுத்ததையும் தொட்டாள். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.