இது குடிவந்ததாகாது

யூருனின் பிடிவாதம் பிறவிக் குணம் என்பார்கள் தீவில். பாதி உண்மைதான். மீதியைக் கற்றுக்கொடுத்தது அவள் பார்த்த வேலை. கார்களை ஏற்றிச் செல்லும் படகில் முப்பத்தொரு வருடம் வண்டிகளுக்குக் கைகாட்டியவள். தடுப்புக் கம்பி இறங்கிவிட்டால் இறங்கியதுதான். ஒருமுறை கல்யாணப்பெண் ஒருத்தி வெள்ளை உடையோடு காரிலிருந்து இறங்கி ஓடிவந்து கெஞ்சினாள். “அடுத்த படகு நாப்பது நிமிஷத்துல” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் யூருன். அந்தக் கதையைத் தீவு இன்னும் விட்டபாடில்லை.

ஆனால் இந்த வீட்டு விஷயத்தில் அவளிடம் இருந்தது வெறும் பிடிவாதம் இல்லை, பயம். பழைய வீட்டின் தரைக்கடியில் பன்னிரண்டு வருடமாக ஈரம் ஊறியிருந்தது. அந்தப் பூஞ்சைக் காற்றுதான் தன் கணவன் எய்லிஃபின் நுரையீரலைத் தின்றது என்பது அவள் முடிவு. இப்போது அவனுக்கு மூக்கில் குழாய், பக்கத்தில் எப்போதும் ஓடும் ஆக்சிஜன் இயந்திரம். அந்த வீட்டை விற்றுவிட்டு, எய்லிஃபோடு ஒரே பெஞ்சில் படித்த ரெய்டாரிடம் புது வீடு கட்டச் சொன்னார்கள். ஆகஸ்டில் ஒப்படைப்பதாகப் பேச்சு. நவம்பர் முடியப்போகிறது.

வீடு பார்வைக்கு முடிந்துதான் நின்றது. குளியலறைச் சுவர் மட்டும் காயவில்லை. ஈரமானியை வைக்கும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது. “காஞ்சிடும்” என்பான் ரெய்டார். அந்தச் சுவரைப் பிரித்தால் தரையையும் பிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். “இப்பவே குடிவந்துடுங்களேன், எதுக்கு அந்தத் தகர டப்பால கெடக்கறீங்க?” என்று வாரம் ஒருமுறை அன்பாகக் கேட்பான்.

அந்த அன்புக்குள் என்ன இருக்கிறது என்று யூருனுக்குத் தெரியும். இரு தரப்பும் வீட்டைச் சோதித்துக் கையெழுத்திடும் ஒப்படைப்புக் கூட்டம் நடக்கும் முன்பே உரிமையாளர் குடியேறினால், வீட்டை ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதற்குப் பிறகு சுவரின் ஈரம் கட்டியவனால் வந்ததா, குளித்தவர்களால் வந்ததா என்று நிரூபிப்பது அவள் பாடு. தொலைபேசியில் ஆலோசனை சொன்ன வக்கீல், “ஒரு நாற்காலியக்கூட உள்ள வெக்காதீங்க” என்றிருந்தார். அதனால் இருவரும் மனையின் ஓரத்திலேயே ஒரு கேரவன் வண்டிக்குள் தங்கியிருந்தார்கள்.

அன்று மதியம் புயலால் படகு நின்றது. இரண்டு மணிக்குக் கேரவன் ஒரு பக்கம் எழும்பி எழும்பி அமர்ந்தது. யூருன் இயந்திரத்தை ஒரு கையிலும் எய்லிஃபை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததுதான் தாமதம், கேரவன் புரண்டு காரையும் கேரவனுக்கு மின்சாரம் தந்த பெட்டியையும் சேர்த்து நசுக்கியது. இனி மின்சாரம் வீட்டுக்குள் மட்டும்தான். அடுத்த வீட்டுக்குப் போகும் சாலையில் அலை ஏறிக்கொண்டிருந்தது. எய்லிஃபின் தோளில் தொங்கிய சின்ன உருளையில் கால்மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருந்தால் அதிகம்.

கூரைத் தகடுகளைக் கட்ட வந்திருந்த ரெய்டார் வாசலிலிருந்து கத்தினான். “உள்ள வாங்க! கதவு தொறந்துதானே கெடக்கு?”

யூருன் எய்லிஃபைத் தாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

“மொதல்ல எழுதிக் குடு.”

“என்னத்த?”

“இது குடிவந்ததாகாது, வீட்ட இன்னும் ஒப்படைக்கல, சுவர் உன் பொறுப்புன்னு.”

“பைத்தியமா உனக்கு? அப்புறம் பேசிக்கலாம் வா!”

“ஆகஸ்ட்லேருந்து அப்புறம்தான் சொல்ற.”

“எய்லிஃப், நீயாவது சொல்லுடா! ஒரு துண்டுச் சீட்டுக்காக உன்னக் கொன்னுடுவா போலருக்கு!”

பேச்சுக்குச் செலவழிக்க எய்லிஃபிடம் மூச்சு இல்லை. அவன் உதடு நீலம் பாரித்தது. யூருன் வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டி நிலையைப் பற்றிக்கொண்டாள். இன்றைக்கு உள்ளே போனால் இன்றைக்கு மூச்சு விடுவான். ஆனால் அந்தச் சுவரோடு எத்தனை குளிர்காலம் தாங்குவான்? ரெய்டாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். ரெய்டாரும் அவளையே பார்த்தான். முதலில் யார் இறங்கிவருவது என்று இருவரும் காத்திருந்தார்கள். காற்று எதையோ பிய்த்துக்கொண்டு போனது.

கடைசியில் ரெய்டார் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். காலடியில் கிடந்த ஜிப்சம் பலகைத் துண்டை எடுத்தான், காதில் செருகியிருந்த பென்சிலால் கிறுக்கினான், கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

“இந்தா, தின்னு!”

யூருன் அதை முழுசாகப் படித்தாள். “தேதி போடு” என்றாள்.

போட்டான்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இயந்திரத்தைக் கூடத்துச் சுவரில் செருகினாள், அது முனக ஆரம்பித்தது. எய்லிஃபை ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் உட்காரவைத்தாள். ரெய்டார் மறு அறையில் போய்ச் சாளரங்களைச் சாத்தினான், இவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. உதட்டில் நிறம் திரும்பும்வரை யூருன் மண்டியிட்டு எய்லிஃபின் ஈரச் சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பலகைத் துண்டைத் தன் கோட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

“பிரிச்சுதான் ஆகணும் அவன். சுவர், தரை எல்லாம்” என்றாள். “ஜெயிச்சுட்டோம் எய்லிஃப்.”

அவன் இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டான். “அவன் எழுதியிருக்கலன்னா?”

“எழுதிட்டானே.”

“எழுதலன்னா, யூருன்?”

அவள் சப்பாத்தின் கயிற்றைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியல” என்றாள்.

“வாசல்ல உன் கையத் தள்ளினேன்” என்றான் எய்லிஃப். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “ரெண்டு தடவ தள்ளினேன். நகரல.”

அவன் தள்ளியதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.